காலி மண்டபத்தில் நீ வாசிக்கும் பாட்டு

தம்பி,

நீ பேண்ட் தொடங்கிவிட்டாய் என்று உன் அம்மா போன் போட்டுச் சொன்னாள். குரலில் பாதி பெருமை, பாதி பயம். கிள்ளானில் மணிக்கணக்குக்கு வாடகை கட்டி ஜாமிங் ஸ்டூடியோவில் பயிற்சி, டிரம்ஸுக்கு மலாய்ப் பையன், பேஸுக்குச் சீனப் பையன், பாடுவதற்குப் பிரிக்பீல்ட்ஸ் பெண்பிள்ளை ஒருத்தி. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் சொந்தப் பாட்டு இன்னும் தேறவில்லை, கையில் இருப்பதெல்லாம் அடுத்தவர் பாட்டு என்று நீ கூச்சப்படுகிறாயாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கல்யாண விருந்து, கோயில் திருவிழா, தீபாவளித் திறந்த இல்லம், ஹோட்டல் லவுஞ்ச் என்று ஆயுசு முழுக்க அடுத்தவர் பாட்டை வாசித்தே சோறு தின்றவன் நான். கோர்ட் பிடிக்கச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் வாத்தியார்கள் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுவைத்ததை நான் சொல்கிறேன். எண் போட்டிருப்பது உனக்குத் தேடிப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். பெரியது முதலில், சிறியது பின்னால் என்ற கணக்கெல்லாம் இல்லை.

1. முதலில் அந்தக் கூச்சத்தை விடு. பீட்டில்ஸ் 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் போய் இறங்கியபோது அவர்கள் கையில் இருந்ததும் பெரும்பாலும் அமெரிக்கக்காரர்களின் பாட்டுகள்தான். குடிக்க வந்த கூட்டத்துக்கு முன்னால் இரவு முழுக்க, மணிக்கணக்கில், அவற்றையே வாசித்தார்கள். 1963-இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் 14 பாட்டு; அதில் 6 பிறர் எழுதியவை. அந்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாட்டைப் பதிவு செய்தார்கள். எல்லாம் முடிந்து, இரவில், சளி பிடித்த தொண்டையை வைத்துக்கொண்டு ஜான் லெனன் கத்திப் பாடியதுதான் ‘டுவிஸ்ட் அண்ட் ஷவுட்’. இன்றைக்கும் பலர் அதை அவர்களுடைய பாட்டு என்றே நினைக்கிறார்கள். அதற்கு முந்தின ஆண்டு ஐஸ்லி பிரதர்ஸ் பாடியது அது. அவர்களுக்கும் முன்னால் டாப் நோட்ஸ் என்று ஒரு குழு. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பினாங்கிலிருந்து கிளம்பிய ஆலிகேட்ஸ் குழுவை எடுத்துக்கொள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்று நம் தமிழ் அண்ணன் தம்பிகள். ஹாங்காங் கிளப்புகளில் பிறர் பாட்டைப் பாடிப் பாடித் தேறியவர்கள், பிறகு மலாய்ப் பாட்டில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டார்கள். லோகநாதன் 2007-இல் போய்ச் சேர்ந்தார். ‘செஞ்யும்லா கோலாலம்பூர்’ இன்னும் ஏதாவது ஒரு வானொலியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்தவர் பாட்டு உன் கையைப் பழக்கும். அதைவிட முக்கியமாக, பாட்டு என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்று உள்ளே விட்டுக் காட்டும்.

2. ஒரு பாட்டை எடுத்தால் அதன் பூர்வீகத்தைத் தேடு. உனக்குக் கிடைத்த பதிவுதான் முதல் பதிவு என்று நம்பிவிடாதே. ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ பாப் டிலன் 1967-இல் எழுதிப் பாடியது. வெறும் கிட்டார், மவுத் ஆர்கன், அடக்கமான தாளம், அவ்வளவுதான். மறு ஆண்டே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை எடுத்து மின்சாரக் கிட்டாரில் புயலாக்கினார். வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகு டிலனே மேடையில் அதை ஹெண்ட்ரிக்ஸ் பாணிக்குப் பக்கமாக வாசிக்க ஆரம்பித்தார். இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உன் பாட்டி சொல்வாளே, அதுதான். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் ஒரு கரண்டி பாயசமாவது போட்டுத்தான் அனுப்புவாள். பாட்டையும் அப்படித் திருப்பிக் கொடுக்கப் பழகு. ஆனால் முதலில் பாத்திரத்தை உடைக்காமல் பிடிக்கத் தெரிய வேண்டும். முதல் ஆறு மாதம் உள்ளதை உள்ளபடி வாசி. உன் கைவரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. மைக்கில் பெயர் சொல்லு. இசை யார், வரி யார், முதலில் பாடியது யார், மூன்றையும். பத்து வினாடி கூட ஆகாது. ‘இளைய நிலா’ வாசிக்கிறாய் என்றால் இளையராஜா சார் பாட்டு என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடாதே. வைரமுத்து என்றும் சொல், எஸ்.பி.பி. என்றும் சொல். எங்கள் நாளில் பாட்டெழுதியவரின் பெயரைச் சொன்ன குழு அபூர்வம். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கீபோர்ட்காரரை நாங்கள் ‘வாத்தியார்’ என்று கேலி செய்தோம். அவர் காலமான அன்று வந்திருந்த கூட்டத்தைப் பார்த்தபோது, மரியாதை கொடுத்தவனுக்குத்தான் மரியாதை திரும்புகிறது என்று தெரிந்தது.

பெயர் மட்டும் போதாது, உரிமையும் இருக்கிறது. 2017 மார்ச்சில், அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கும் சித்ராவுக்கும் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது உனக்கு ஞாபகம் இருக்கலாம். அனுமதி இல்லாமல் என் பாட்டை மேடையில் பாடாதே என்பது செய்தி. காலமெல்லாம் ஒன்றாக வேலை செய்தவர்களுக்கு இடையே இப்படியா என்று நம் மாமாக் கடை மேசைகளில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினோம். எந்தக் கட்சி சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவு: பாட்டை உண்டாக்கியவனுக்கு அதில் பங்கு உண்டு. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைச் சொல்கிறது; இசையமைப்பாளர், பாடலாசிரியர் சார்பில் எம்ஏசிபி போன்ற அமைப்புகள் அந்தப் பணத்தை வசூலிக்கின்றன. வழக்கமாக மண்டபக்காரரோ ஏற்பாட்டாளரோதான் உரிமம் எடுப்பார். “எடுத்தாயிற்றா அண்ணே?” என்று ஒரு வார்த்தை கேட்டு வை. கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

4. தமிழ்ப் பாட்டுக்கு இடையிசைதான் உயிர். ராக் பாட்டில் சோலோவை நீ உன் விருப்பப்படி மாற்றலாம், கூட்டம் கைதட்டும். ராஜா பாட்டில் அது செல்லாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிறதே அந்த இசை, அதை நம் ஜனங்கள் வரியைப் போலவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டி கூட நீ ஒரு சுரம் தவறவிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது கிள்ளானிலும் சரி, கோலாலம்பூரிலும் சரி, கிட்டார் கையில் வைத்திருந்த தமிழ்ப் பையன்கள் அத்தனை பேரும் ‘இளைய நிலா’வின் அந்த விரல் ஓட்டத்தைத்தான் முதலில் பழகினோம். கேசட்டை ஓட விட்டு, நிறுத்தி, பென்சிலால் சுற்றி, மறுபடி ஓட விட்டு. நாடா இழுபட்டு நீண்டு சுருதியே இறங்கிவிடும். இறங்கிய சுருதியிலேயே கற்றுக்கொண்டு மேடையில் போய் முழித்தவர்களும் உண்டு. உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கோர்டை எழுதிக் கொடுக்கும் தளங்களை மட்டும் நம்பாதே. அங்கே பல்லவிக்கு நாலு கோர்ட் போட்டுவிட்டு இடையிசையை விட்டுவிடுவார்கள். காதால் எடு. காதால் எடுத்தது விரலை விட்டுப் போகாது.

5. எஸ்.பி.பி. சிரித்த இடத்தில் நீங்களும் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு அந்த நொடியில் அவருக்கு வந்தது. உங்களுக்கு வராதபோது வரவழைத்தால் கேட்பவனுக்குக் கூச்சமாக இருக்கும்.

6. பாடும் பெண்ணுக்கு எது ஏற்ற கீயோ அதுதான் பாட்டின் கீ. ஆண் பாடிய பாட்டை அவள் பாடினால் நாலைந்து அரைச்சுரமாவது தள்ள வேண்டியிருக்கும். “கிட்டாரில் அந்த இடம் வசதியாக இல்லை” என்று அடம் பிடிக்காதே. கேபோ போடு, அல்லது புதிதாகப் பழகு. நல்ல குரல் ஒன்று கிட்டார்காரனின் சோம்பலால் மேல்ஸ்தாயியில் கிழிந்து கிழிந்து நாசமானதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பிறகு பாடுவதையே விட்டுவிட்டாள். இன்னொன்று: நிகழ்ச்சி முடியும்போது கடைசிக் கொமுட்டர் ரயில் போயிருக்கும். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் மற்றவர்கள் ரொட்டி சானாய் சாப்பிடப் போகலாம். அவள் அப்பாவின் போன் எண் உன்னிடம் இருக்கட்டும், உன் எண் அவரிடம் இருக்கட்டும்.

அவள் தமிழ் வரிகளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை, அவளைக் குற்றம் சொல்லாதே. ஆனால் ரோமனில் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தான் போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக் கொடு. சிரிக்காமல் சொல்லிக் கொடு.

7. சவுண்ட் செக்குக்கு நேரத்தோடு போ. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுக்கள் கெட்டுப்போவது இங்கேதான்.

பெரும்பாலும் கிக் டிரம்மில் தொடங்குவார்கள். பிறகு ஸ்நேர், மற்ற டிரம்கள், பேஸ், கிட்டார், கீபோர்ட், கடைசியில் குரல்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இது எவ்வளவு எளிது! ஆனால் நான் பார்த்த இளம் குழுக்களில் பாதிக்கு மேல் இதில்தான் தோற்கும். சவுண்ட்மேன் டிரம்மைக் கேட்டுக்கொண்டிருப்பார், கிட்டார்காரன் ஓரமாக நின்று ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ரிஃப்பை நோண்டிக்கொண்டிருப்பான். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். மனசுக்குள் குறித்துக்கொள்வார். இரவு உன் மானிட்டரில் ஏதோ குறைகிறது என்று நீ கையைக் காட்டும்போது அவருக்கு உன் கை கண்ணில் படாது.

அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். அண்ணே என்று கூப்பிடு, மலாய்க்காரர் என்றால் அபாங். ஆம்பின் சத்தத்தை நீயே குறைத்து வை. உன் காதுக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் ஆம்பைச் சாய்த்து முகத்தைப் பார்க்க வை. தரையில் முழங்காலைப் பார்த்து இருக்கும் ஆம்ப் முன்வரிசைக்காரர்களைத்தான் செவிடாக்கும். காலி மண்டபத்தில் ஒலி சுவரில் பட்டுத் தெறிக்கும். ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்ததும் அந்த உடம்புகளே ஒலியைக் குடித்துவிடும், அதிலும் மேல் அலைவரிசையை அதிகமாக. மாலையில் கூர்மையாக இருந்தது இரவில் மழுங்கும். அது தெரியாமல் “மாலையில் நன்றாக இருந்ததே, யாரோ கையை வைத்துவிட்டார்கள்” என்று சவுண்ட்மேனிடம் சண்டைக்குப் போகாதே. எங்கள் குழுவில் ஒரு பாடகர் இப்படி மேடையிலிருந்தே மைக்கில் திட்டினார். அந்த ஏற்பாட்டாளர் அதன் பிறகு எங்களை எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை. பாவம், தப்பு மண்டபத்தில் இருந்த கூட்டத்துடையது!

8. சவுண்ட் செக்கில் எந்தப் பாட்டை வாசிப்பது? வேலைக்கு இரண்டு பாட்டு போதும். உங்களிடம் உள்ளதில் அதிகச் சத்தமானது ஒன்று, மிக மெல்லியது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மற்ற எல்லாம் அடங்கிவிடும். தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கத் தெரிந்த பாட்டாக எடு. அப்போதுதான் விரலை மறந்துவிட்டுக் காதை மேடை முழுக்க அனுப்ப முடியும். இரவு திறக்கப்போகும் முதல் பாட்டை மட்டும் மாலையில் வாசிக்காதே. வாசலில் கோலம் போடுகிறவர்கள், முன்கூட்டியே வந்துவிட்ட சித்தப்பாக்கள் எல்லாரும் கேட்டுவிடுவார்கள்.

வேலை முடிந்து ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும் பார், அது உன்னுடையது. காசு கொடுத்தவர் கேட்காத பாட்டு, கைதட்டு இல்லாத பாட்டு. பால் மெக்கார்ட்னியின் சவுண்ட் செக்குகள் இதற்குப் பேர் போனவை. இரவுக் கச்சேரியில் அவர் வாசிக்கும் பாட்டுகள் உலகத்துக்கே தெரியும். மாலையில் வாசிப்பது பையனாக இருந்தபோது காதலித்த பாட்டுகளை. 1990-இல் வந்த அவருடைய நேரடிக் கச்சேரி இசைத்தட்டில் அந்தச் சவுண்ட் செக் பதிவுகள் சிலவற்றையும் சேர்த்தே வெளியிட்டார்: கார்ல் பெர்கின்ஸின் ‘மேட்ச்பாக்ஸ்’, போ டிட்லியின் ‘கிராக்கின் அப்’, 1931-இல் கிரேசி ஃபீல்ட்ஸ் பாடிப் புகழ்பெற்ற ‘சாலி’. உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த பாட்டுகளை எழுதிய மனிதர், காலி அரங்கத்தில் தன் அப்பா காலத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார். உன் குழு அந்த ஐந்து நிமிடத்தில் எதை வாசிக்கிறது என்று கவனி. ஒன்றுமே வாசிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், உங்களுக்குள் பாட்டு இல்லை, புக்கிங் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். 1905-இல் கட்டிய இரயில்வே ஊழியர் குடியிருப்பான ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ இன்னும் இடிக்கப்படாமல் இருந்த காலம். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைய இருந்த இடம், தெரியும்தானே. எங்கள் சவுண்ட் செக் முடிந்து நேரம் மிஞ்சியது. எங்கள் பேஸ்காரர் சும்மா நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ எடுத்தார். நாங்கள் சிரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டோம். நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முழுப் பாட்டையும் கூடவே முணுமுணுத்தார். இரவு விருந்துக்கு அவருக்கு அழைப்பில்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கச்சேரி அந்த நாலு நிமிடம்தான். இன்றைக்கு அந்த நாற்காலிகளை வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேபாளத்துப் பிள்ளைகளும் துடைக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைக் கேட்டுக் கற்றுக்கொள்ளேன், செலவா?

9. மக்ரிப் தொழுகை நேரத்தை முன்கூட்டியே பார்த்து வை. நம் ஊரில் மாலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவே வரும். பாங்கு ஒலிக்கும்போது சவுண்ட் செக்கை நிறுத்து. யாராவது வந்து நிறுத்தச் சொல்லும் வரை காத்திருக்காதே. உன் டிரம்மர் தொழுகைக்குப் போக வேண்டியிருக்கும், அந்த இடைவெளியை அட்டவணையிலேயே போடு. தைப்பூசக் காலத்தில் அவன் உங்களுக்கு விட்டுக்கொடுப்பான். இதையெல்லாம் பெரிய நல்லிணக்கம் என்று மேடையில் பேசிக்கொண்டிருக்காதே. கூட வேலை செய்கிறவனின் நேரம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

10. மின்சாரத்தோடு விளையாடாதே. நாலு மணிக்கு ஒரு மழை அடித்துவிட்டுப் போகும். கோயில் திடலில் கூடாரம், ஈரத் தரை, ஜெனரேட்டர், புல்லுக்குள் ஓடும் கேபிள். இவற்றோடு உன் உலோகத் தந்திக் கிட்டாரும் உதட்டைத் தொடும் மைக்கும். ஸ்டோன் தி குரோஸ் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் சுவான்சி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரை விட்டார். கிட்டார் கையில் இருக்க மைக்கைத் தொடும் முன் ஏற்பாட்டாளரின் வயர்மேன் எர்த் பார்த்தாரா என்று கேள். டெஸ்டர் ஒன்று உன் பையிலேயே கிடக்கட்டும். “ஷோ தொடங்க வேண்டும், சீக்கிரம்” என்று யார் கத்தினாலும், மைக்கில் சுரீர் என்று ஒரு தடவை உணர்ந்துவிட்டால் குழுவை மேடையை விட்டு இறக்கு. அன்றைக்குச் சம்பளம் போனால் போகட்டும்.

11. செட் லிஸ்ட் என்பது விருந்தினர் பட்டியலைப் பார்த்து எழுதுவது. நம் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் மலாய் அதிகாரி இருப்பார், பெண்ணின் சீனத் தோழிகள் இருப்பார்கள், எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியப்பா இருப்பார். மூன்று மேசையும் ஒரு தடவையாவது நிமிர வேண்டும். மலாய்ப் பாட்டு என்று கடமைக்கு ஒன்றை எடுக்காதே. ‘சர்ச்’ (Search) என்ற மலாய் ராக் குழுவின் ‘இசபெல்லா’வை எடு, 1989-இல் வந்தது, நாற்பது தாண்டிய எந்த மலாய்க்காரரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடுவார். (நீளமுடி ராக்காரர்களை அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம் திரைக்கு வேண்டாம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1992-இல் அந்தக் குழுவின் பாடகர் ஏமி முடியை வெட்டிக்கொண்டதை நாடே பேசியது. முடி போயிற்று, பாட்டு போகவில்லை.) எஸ்டேட் பெரியப்பாவுக்கு எம்.எஸ்.வி.–ராமமூர்த்தி பாட்டு ஒன்று போதும். 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் ‘விஸ்வநாதன் வேலை வேணும்’ உன் ராக் குழுவுக்கே தைத்த சட்டை மாதிரி உட்காரும். வாசித்துப் பார், உன் டிரம்மர் எப்படித் துள்ளுகிறான் என்று.

12. அலுத்துப்போன பாட்டை அலுப்போடு வாசிக்காதே. ‘ஹோட்டல் கலிபோர்னியா’ கேட்காத இரவு கோலாலம்பூரில் இல்லை. புத்தாண்டு இரவில் ‘இளமை இதோ இதோ’ இல்லாமல் எந்தத் தமிழ்க் கூட்டமும் கலையாது. பாட்டு கேட்டுச் சீட்டு வரும்போது உங்களுக்குள் கண்ணைக் காட்டிச் சிரித்துக்கொள்ளாதீர்கள். மேடை உயரமானது, எல்லாம் தெரியும். அலுப்பு முதலில் வேகத்தில்தான் வெளிப்படும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கை தானாக ஓடும். அப்போது டிரம்மரைப் பார், பழைய வேகத்துக்குத் திரும்பு.

13. எல்லாச் சீட்டையும் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. பின் மேசைகளில் சில இளவட்டங்கள் இருப்பார்கள். தங்கள் கும்பலைப் புகழ்ந்து பாட்டில் நாலு வார்த்தை சொல்லச் சொல்வார்கள், ஐம்பது வெள்ளி நோட்டைச் சட்டைப் பையில் திணிப்பார்கள். ஒரு சாதியைக் கேலி செய்யும் வரியோ, பெண்ணை இழிவு செய்யும் வரியோ உள்ள பாட்டைக் கேட்பவர்களும் உண்டு. “அது எங்களுக்குப் பழக்கமில்லை அண்ணே, இதை வாசிக்கிறோம்” என்று சொல்லி உடனே வேறொன்றைத் தொடங்கிவிடு. விவாதம் வேண்டாம், நோட்டைத் திருப்பிக் கொடு. முதல் முறை கை நடுங்கும். எனக்குத் தெரிந்த ஒரு குழு ஐம்பது வெள்ளிக்கு ஒரு தடவை சரி என்றது. அடுத்த நிகழ்ச்சியில் எதிர்க்கும்பல் வந்து அதே மரியாதையைக் கேட்டது. அந்தக் குழுவின் டிரம்ஸ் திரும்பி வரவில்லை.

14. பணத்தைச் சரிசமமாகப் பிரி. பாடுகிறவளுக்கு ஒரு பங்கு, லோரியில் சாமான் ஏற்ற உதவுகிற தம்பிக்கும் ஒரு பங்கு. கணக்கை அன்றிரவே முடி. குழுக்கள் பாட்டால் பிரிந்து நான் பார்த்ததில்லை.

15. சொந்தப் பாட்டு வரும். அவசரப்படாதே, ஆனால் அடுத்தவர் பாட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டும் இருந்துவிடாதே. அதில் சுகம் அதிகம், எனக்குத் தெரியும். நம் ஊர்ப் பையன்கள் யோகி பி–நட்சத்திரா 2006-இல் ‘வல்லவன்’ என்று ஒரு ஆல்பம் கொண்டுவந்தார்கள். அதில் ‘மடை திறந்து’. 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா போட்ட மெட்டு, எஸ்.பி.பி. பாடியது. இவர்கள் அந்தப் பல்லவியை வைத்துக்கொண்டு சுற்றிலும் தங்கள் ராப்பைக் கட்டினார்கள். சென்னைப் பையன்கள் நம்முடைய பேச்சைத் திருப்பிப் பாட ஆரம்பித்ததை அப்போதுதான் பார்த்தேன். வழக்கமாகப் பாட்டு அங்கிருந்துதான் கப்பல் ஏறி வரும். இந்த ஒன்று இங்கிருந்து போயிற்று. பழைய பாட்டுக்கும் புதிய பாட்டுக்கும் நடுவே அவர்கள் கண்ட அந்த இடத்தை நீயும் தேடலாம். உன் டிரம்மருக்கு உருமி மேளத்தின் நடை தெரியுமா? பத்துமலைக்கு ஒரு தைப்பூசத்தன்று கூட்டிக்கொண்டு போ; தாளத்தைக் கேட்டுவிட்டு அவனே ஏதாவது சொல்லுவான்.

பாட்டு தயாரானதும் அதை நிகழ்ச்சியின் முதலிலும் போடாதே, கடைசியிலும் போடாதே. இரண்டாம் பகுதியில், கூட்டம் சாப்பிட்டு முடித்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்ட பிறகு, எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவில் வை. முன்னாலேயே “இது எங்கள் சொந்தப் பாட்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லாதே. பொறுத்துக்கொள்ளச் சொன்னால் பொறுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். வாசித்து முடித்துவிட்டுப் பெயர்களைச் சொல்: இசை யார், வரி யார், பாடியது யார். மற்றவர்களுக்குச் சொல்லிப் பழகியது அன்றைக்கு உனக்குக் கை கொடுக்கும். அதற்கு முன்னால் வரிகளை உன் பாட்டியிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டு. என் அக்காதான், ஆனாலும் சொல்கிறேன்: தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்திருந்தவள், ஒற்றுப்பிழை ஒன்றைக்கூட விடமாட்டாள். திருத்திய தாளை எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு.